முப்பது நாளுக்குப் பிந்திய செய்தி

உ

பொண்டாய், சிட்னி
3-7-76

இல்லை அண்ணா, நான் வாசிக்கும் கதைகளில் துப்பறிகிற ராபி துப்பாக்கி வைத்திருப்பதில்லை. யாரையும் துரத்தி ஓடுவதுமில்லை. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்று காரைக்கூடத் தொடுவதில்லை. கொலை நடந்த வீட்டுக்கும் நடந்துதான் போகிறார். ட்ரங்க் கோலின் மூன்று நிமிடமும் நீங்கள் சிரித்து முடிக்கவே சரியாகப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சுகம். நான் நன்றாக இருக்கிறேன். மெல்பேர்ன் குளிரில் உங்கள் இருமல் எப்படி?

ராபி என்றால் யூதர்களின் மதகுரு. நம் கோயில் ஐயர் மாதிரி மணி ஆட்டிப் பூசை செய்கிறவர் இல்லை. நிறையப் படித்தவர், எது செய்யலாம், எது கூடாது என்று சட்டம் சொல்கிறவர். கதையில் அவருக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். சபையில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. ஊரில் ஒரு கொலை. பொலிஸ் கைரேகை எடுக்கிறது. ராபி ஆறிப்போன தேநீருடன் வீட்டில் உட்கார்ந்து, செய்ய வேண்டியதை யார் செய்யாமல் விட்டார்கள் என்று யோசிக்கிறார். அதிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறான்.

புத்தகங்கள் வீட்டுக்கார மிஸிஸ் ரோஸ்னருடையவை. புடாபெஸ்ட்டில் பிறந்தவர், யுத்தத்துக்குப் பிறகு தனியாக இங்கே வந்தவர். இந்த ராபி வரும் கதைகள் ஒரு தட்டு முழுவதும் வைத்திருக்கிறார். "எங்கள் ராபியால் தன் மூக்குக்கண்ணாடியையே கண்டுபிடிக்க முடியாது, கொலைகாரனையா" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்துத் தருகிறார்.

இனி மற்றது. சித்தப்பா உங்களுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றால் எந்தக் கட்டி? ஓகஸ்டில் எனக்கு மூன்று வாரம் விடுமுறை. யாழ்ப்பாணம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா? பரீட்சை நவம்பரில்தான். போ என்றால் போகிறேன். நேரே சொல்லுங்கள்.

அன்புத் தங்கை
பவளம்


உ

கிளேட்டன், மெல்பேர்ன்
20-7-76

அன்புத் தங்கை பவளத்துக்கு அண்ணா எழுதிக்கொள்வது. இருமல் போய்விட்டது, பதிலுக்குத் தடிமன் வந்து மூக்கு ஒழுகுகிறது. மற்றும்படி சுகம். நீயும் அப்படியே இருக்கக் கடவுள் துணை.

பதில் பிந்திவிட்டது. வேலை.

உன் ராபியைப் பற்றி ஒபிசில் சாப்பாட்டு நேரத்தில் யோசித்தேன். எங்கள் பிள்ளையார் கோயில் ஐயர் துப்பறியத் தொடங்கினால் எப்படி இருக்கும்? "தம்பி, கொலை கிடக்கட்டும், மோதகத் தட்டிலை ரண்டு குறையுது, ஆர் எடுத்தது?" அந்த விசாரணை முடிவதற்குள் கொலைகாரன் கொழும்பு மெயிலில் ஏறியிருப்பான்.

அம்மாவின் விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. சின்னக் கட்டி, மருந்து கொடுக்கிறார்கள். நீ இப்போது போனால் மூன்று வாரம் மூன்று மாதமாகும். அங்கே போனவர்கள் நினைத்த நாளில் திரும்பி வந்த கதை கிடையாது. புலமைப்பரிசில் ஒரு தடவை கைவிட்டுப் போனால் போனதுதான். பரீட்சையை எழுது. டிசம்பரில் இருவருமாகப் போவோம். நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சாப்பாட்டைக் கவனி. விமலாதேவி அன்ரி ஹோம்புஷில் இருந்துகொண்டு உன்னைக் காணவில்லை என்று என்னிடம் குறை சொல்கிறா. "உங்கடை அம்மா மீனாம்பாளோடை ஒரு வாங்கிலை இருந்து படிச்சனான், அவளின்ரை பெட்டைக்கு என்ரை வீடு தூரமோ" என்று கேட்கிறா. ஒரு ஞாயிறு போய்த் தலையைக் காட்டு.

அண்ணா
ராசன்


உ

பொண்டாய்
8-8-76

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்களா?

உங்கள் சொல்லைக் கேட்கிறேன். விடுமுறை நூலகத்தில் போகும். மேசைக்கு நேரே ஒரு ஜன்னல். அதில் ஒரு சுவர்.

அம்மாவின் கையால் எனக்கு வந்த கடைசிக் கடிதம் மே மாதத்தது. வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரிகின்றன. இப்போது எழுத முடியவில்லை என்றால் பரவாயில்லை. சித்தப்பா உங்களுக்கு மட்டும் எழுதினாலும் போதும். ஆனால் அவர் எழுதியதை அப்படியே எனக்கு எழுதுங்கள். சுருக்க வேண்டாம்.

அன்ரி வீட்டுக்குப் போனேன். ஜெயரட்ணம் அங்கிள் என்னை ரயில் நிலையத்தில் வந்து கூட்டிப்போனார். "படிப்பு முடிஞ்சு நீ என்ன, ப்ரொஃபெசரோ?" என்றார். "ஓம் அங்கிள்" என்றேன். "அப்ப மாப்பிள்ளை பாக்கிறது கஷ்டம்" என்றார். அன்ரி அவரை உள்ளே அனுப்பினார்.

ஒரு விளையாட்டு. உங்கள் நூலகத்திலும் ராபி புத்தகங்கள் இருக்கும். இருவரும் ஒரே புத்தகத்தை எடுப்போம். கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்துவோம். குற்றவாளி யார் என்று எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் மிச்சத்தை வாசிக்கலாம். தலைப்பைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மணிக்கூடு திருத்துகிற கிழவர் ஒருவர் சாகிறார். அதிலிருந்து தொடங்குகிறது.

அன்புடன்
பவளம்


உ

கிளேட்டன்
29-8-76

அன்புத் தங்கைக்கு, சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுது.

புத்தகம் கிடைத்தது. நூலகக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்கள் யூதரா?" என்றாள். "சைவம்" என்றேன். "ஓ, மரக்கறி மட்டுமா" என்றாள். அதற்குமேல் விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

கால்வாசி வாசித்திருக்கிறேன். மகன்தான் எனக்குச் சந்தேகம். தூர ஊரில் இருந்தவன், அப்பா செத்தது நாற்பது நாள் கழித்துத்தான் தெரியும் என்கிறான். தெரியாதவன் இவ்வளவு அமைதியாகவா பேசுவான்? ஆனால் உன் ராபி அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். பார்ப்போம்.

சித்தப்பாவின் கடிதம் வந்தது. அம்மா கஞ்சி குடிக்கிறாவாம். கட்டிலில் எழும்பி இருக்கிறாவாம். கிணற்றடி வாழை குலை தள்ளியிருக்கிறதாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

படி.

அண்ணா
ராசன்


உ

பொண்டாய்
6-9-76

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமென நம்புகிறேன்.

சித்தப்பா வாழைக்குலையைப் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. அவருடைய கடிதங்கள் தந்தி போல இருக்கும். அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அது நல்ல அறிகுறி.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பவளம்


கிளேட்டன்
22-9-76

அன்புத் தங்கை பவளத்துக்கு,

நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலைத்தலத்தில் ஒரே அலைச்சல்.

சித்தப்பா எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது வேதனை இல்லையாம்.

நவராத்திரி வருகிறது, அன்ரி கூப்பிடுவா. போகாவிட்டாலும் ஒன்றுமில்லை. உனக்குப் படிப்பு இருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். நீ முடி.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் அந்தக் கடற்கரைப் பக்கம் நடக்காதே.

ராசன்


(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

பொண்டாய்
3-10-76

அண்ணா,

நேற்று ஹோம்புஷ் போனேன். போக வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சரஸ்வதி பூசை, பரீட்சை வருகிறது, போகாமல் எப்படி? பாடப்புத்தகங்கள் நான்கையும் பையில் கொண்டு போனேன். போன வருடம் சாமி அறையில் எல்லோருடைய புத்தகங்களையும் அடுக்கியவள் நான்தான். கும்பத்துக்குப் பூச்சூட்டியதும் நான்தான்.

வாசலிலேயே அன்ரி பையை வாங்கினார்.

"பிள்ளை, நீ உதுக்குள்ளை போகாதை. குசினியிலை கடலை அவியுது, பார்."

"ஏன் அன்ரி, போன வருசம் நான்தானே அடுக்கினனான்?"

"போன வருசம் போன வருசம். உனக்குத் தடிமன் போலை கிடக்கு."

"எனக்குத் தடிமன் இல்லை அன்ரி."

"வரும்."

சிரித்தேன். குசினிக்குப் போனேன். பூசை நடந்தபோது நடையில் நின்று கும்பிட்டேன். தட்டு எல்லோரிடமும் வந்தது. என்னிடம் வரும்போது அன்ரி குங்குமத்தைத் தாண்டி விபூதியை மட்டும் எடுத்து நீட்டினார். அங்கிள், "பிள்ளை ஒரு பூவையாவது வைக்கட்டுமேயப்பா" என்றார். அன்ரி அவரைப் பார்த்தார். அவர் தோட்டத்துக் குழாயை மூடுவதற்கென்று வெளியே போனார். குழாய் திறந்திருக்கவில்லை.

புறப்படும்போது என் புத்தகங்களைக் கண்டேன். மற்றவர்களுடையவை சாமி அறையில். என்னுடைய நான்கும் நடையில் ஒரு கதிரையின் மேல், பையோடு, அப்படியே.

ரயிலில் விளங்கியது. ஸ்ட்ராத்ஃபீல்டுக்கும் ரெட்ஃபெர்னுக்கும் இடையில். எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். என்னிடம் மறைக்க அவர்களுக்கு வாய் வருகிறது. துடக்கோடு ஒருத்தியைச் சாமி அறைக்குள் விட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தலையில் பிள்ளையார் சுழி இருக்கிறது. இருபத்திரண்டாம் திகதிக் கடிதத்தில் இல்லை. செப்டெம்பர் தொடங்கி நீங்கள் தொலைபேசியும் எடுக்கவில்லை. "வேதனை இல்லையாம்." இதை எத்தனை தரம் எழுதிப் பார்த்தீர்கள்?

அம்மா இறந்துவிட்டார். பரீட்சைக்காக எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இப்படித்தான் செய்வார்கள். அக்கம்பக்கத்தில் எத்தனை பேருக்குச் செய்து பார்த்திருக்கிறேன். லண்டனில் படித்த ஒரு பையனுக்கு அவனுடைய தகப்பன் செத்தது ஆறு மாதம் தெரியாது. அவனைப் பார்த்துப் பாவம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

இன்று காலை மிஸிஸ் ரோஸ்னரிடம் கேட்டேன். புத்தகத்தைப் பற்றிக் கேட்பது போல. ஒருவருக்குத் தாய் இறந்தது தெரியாது, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும், உங்கள் சட்டம் என்ன சொல்கிறது?

"தெரியாதவருக்குத் துக்கம் இல்லை. அவர் கல்யாணத்துக்கும் போகலாம். போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் கடமையும் இல்லை."

"அவர் கேட்டால்?"

"கேட்டால் பொய் சொல்லக் கூடாது."

பிறகு சொன்னார்: "என் அக்காவைப் பற்றி நான் இரண்டு வருடம் கேட்டேன். உயிரோடு இருக்கிறாள் என்று மாமா இரண்டு வருடம் பதில் சொன்னார். நல்ல மனிதர். பிறகு அவரோடு பேசவே என்னால் முடியவில்லை. அவரும் போய்விட்டார்."

அண்ணா, நீங்கள் இன்னும் பொய் எழுதவில்லை. வேதனை இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அம்மா சுகமா என்று நான் இன்னொரு தடவை கேட்டால் எழுதிவிடுவீர்கள். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கும். அதற்குப் பிறகு நீங்களும் எனக்கு இருக்க மாட்டீர்கள்.

அதனால் நான் கேட்கப்போவதில்லை.

எந்த நாள் என்றாவது தெரிந்தால் நல்லது.


பொண்டாய்
5-10-76

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அன்ரி வீட்டுப் பூசைக்குப் போனேன். கடலை நன்றாக இருந்தது. அங்கிள் ரோஜாச் செடிகளை வெட்டிவிட்டிருக்கிறார்.

புத்தகத்தில் கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்தியிருக்கிறேன். எனக்கும் மகன் மீதுதான் சந்தேகம். காரணம் இன்னும் பிடிபடவில்லை. நீங்களும் மிச்சத்தை வாசியுங்கள். தனியே விளையாட முடியாது.

இங்கே இரவில் இன்னும் குளிர். போர்வை போதும்.

பவளம்


உ

கிளேட்டன்
15-10-76

அன்புத் தங்கை பவளத்துக்கு அண்ணா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீ சுகமென்று எழுதியது ஆறுதல்.

ஒரு மாதமாக முகம் மழிக்கவில்லை. ஒபிசில் என்னைக் கப்டன் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் என் மேசையில் பொம்மைக் கப்பல் கொண்டுவந்து வைத்தான். திங்கட்கிழமை மழித்தேன். கப்பலைத் திருப்பிக் கேட்கிறான்.

புத்தகத்தை மறுபடி எடுக்க மனம் வரவில்லை. முடிவை நீயே எழுது. ராபி எப்படிக் கண்டுபிடித்தார்?

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கண்விழித்துப் படிக்காதே.

ராசன்


பொண்டாய்
21-10-76

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் முகத்துக்குக் காற்றுப் பட்டது நல்லது.

முடிவைக் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

யூதர்களில் தாய் தகப்பன் இறந்தால் ஏழு நாள் வீட்டுக்குள் தாழ்வான ஆசனத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிகளை மூடிவிடுவார்கள். ஆனால் சாவுச் செய்தி முப்பது நாளுக்குப் பிறகு வந்து சேர்ந்தால், ஏழு நாள் தேவையில்லை. ஒரு மணி நேரம் இருந்தால் போதும். மணிக்கூட்டுக்காரரின் மகன், செய்தி நாற்பதாம் நாள்தான் கிடைத்தது என்கிறான். ராபி அவனுடைய வாடகை அறைக்குப் போகிறார். வீட்டுக்காரி சொல்கிறாள்: பாவம், ஏழு நாளும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான், என் கண்ணாடிக்குத் துணி போட்டான். சட்டம் தெரிந்தவன் அவன். ஒரு மணி நேரம் போதுமென்றால் ஒரு மணி நேரம்தான் இருந்திருப்பான். ஆகவே முப்பது நாளுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பொலிசுக்கு எவ்வளவோ பொய் சொன்னான். தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் குறைக்க அவனால் முடியவில்லை.

கொலை செய்தது வேறொருவன். மகன் செய்த குற்றம், தெரிந்த நாளை மாற்றிச் சொன்னது. ராபி அவனைப் பொலிசில் கொடுக்கவில்லை. வாசலில் நின்று, "எப்போது தெரியும்?" என்று மட்டும் கேட்கிறார். அத்தியாயம் அங்கே முடிகிறது.

வேறு விசேஷமில்லை.

பவளம்


உ

கிளேட்டன்
31-10-76

பவளம்,

சுகம் கேட்டுத் தொடங்க முடியவில்லை.

உன்னுடைய இரண்டு கடிதத்தையும் முன்னால் வைத்திருக்கிறேன். ஐந்தாம் திகதியது, இருபத்தோராம் திகதியது. இரண்டிலும் சுழி இல்லை. இரண்டிலும் அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதல் கடிதத்தைப் பார்த்தபோது நல்லவேளை என்று நினைத்தேன், பதில் எழுதத் தேவையில்லை என்று. இரண்டாவதை வாசித்தபோது உனக்குத் தெரியும் என்று விளங்கிவிட்டது.

செப்டெம்பர் பதினோராம் திகதி, சனிக்கிழமை காலை. எனக்குத் தந்தி ஞாயிறு வந்தது. பரீட்சை முடியும்வரை உனக்குச் சொல்லக் கூடாது என்று சித்தப்பாவுக்கு நானே பதில் தந்தி அடித்தேன். அன்ரிக்கும் நான்தான் சொன்னேன். நானும் போகவில்லை. போனால் உனக்குத் தெரிந்துவிடும். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். முப்பத்தொரு நாளும் இங்கே என் அறையில் ஒரு நேரம் சமைத்துச் சாப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு.

உன் ராபியின் கேள்வி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஜூலை பன்னிரண்டாம் திகதி தெரியும். டொக்டர் சொன்னதைச் சித்தப்பா எழுதியிருந்தார். மூன்று மாதம் தாண்டாது என்று. உன்னுடைய கடிதம், போகட்டுமா என்று நீ கேட்டது, அப்போது என் மேசையில் இருந்தது. எட்டு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். பிறகு பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

அம்மா உன்னைக் கேட்டா. ஓகஸ்ட் கடிதத்தில் அது ஒன்றுதான் இருந்தது. பவளம் எப்ப வாறாள் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறா என்று. கஞ்சியும் வாழைக்குலையும் நான் எழுதியவை.

நீ போனால் படிப்பு முடிந்துவிடும் என்று பயந்தேன். நீ ஒருத்தியாவது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன். இது காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

பரீட்சையை எழுதுவதும் விடுவதும் உன் விருப்பம். நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன்.

ராசன்


பொண்டாய்
14-11-76

அண்ணா,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு வாரமாகப் பதில் எழுதவில்லை. பரீட்சை இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசித் தாள்.

எழுதினேன். நன்றாக எழுதினேன். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா இல்லை என்று தெரிந்துகொண்டு ஐந்து வாரம் படித்தேன். ஜூலை விஷயமும் தெரிந்த பிறகு நான்கு தாள் எழுதினேன். மூன்றாவது தாளுக்கு மேலதிகமாகக் காகிதம் கேட்டு வாங்கினேன். தெரிந்தால் இவளால் எழுத முடியாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தீர்கள். முடிந்தது. ஓகஸ்டில் போய் அம்மாவின் கட்டிலடியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தும் இதே விடைகளை எழுதியிருப்பேன்.

உங்களை நோகடிக்க வேண்டும் என்றுதான் மேலே உள்ளதை எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு ஒன்றும் குறையவில்லை.

செப்டெம்பர் பதினொன்று. நீங்கள் திங்கட்கிழமை மழித்ததாக எழுதியதிலிருந்து முப்பத்தொரு நாள் பின்னோக்கி எண்ணி, எந்த நாள் என்று அப்போதே கண்டுகொண்டேன். அன்று சனிக்கிழமை; வகுப்புப் பிள்ளைகளோடு கடற்கரையில் பொரித்த மீன் சாப்பிட்டேன். வெயில் நன்றாக இருந்தது. அதை மறக்கப் பார்க்கிறேன்.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஒக்டோபர் இரண்டாம் திகதியே எனக்குத் தெரியும். அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டிருந்தால் மிச்சமிருந்த நாட்களை நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கழித்திருக்க வேண்டியதில்லை. உங்களைப் பொய்யிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொன்னேன். இவர் எத்தனை நாள் தாங்குகிறார் என்று பார்த்துக்கொண்டும் இருந்தேன். அந்தப் பொம்மைக் கப்பலைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

மிஸிஸ் ரோஸ்னரிடம் சொன்னேன். அவித்த முட்டை ஒன்றைத் தட்டில் வைத்து முன்னால் தள்ளினார். துக்க வீட்டில் அதுதான் முதலில் கொடுப்பார்களாம். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் இருந்தார். பிறகு, "உன் அண்ணனுக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. சித்தப்பாவின் கடிதங்கள் முழுவதும் எனக்குக் காட்ட வேண்டும். ஜூலை, ஓகஸ்ட், எல்லாம். அம்மா கேட்டது எந்தச் சொற்களில் என்று என் கண்ணால் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்களோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவரும். அல்லது வராது.

உடம்பைக் கவனியுங்கள். ஒரு நேரச் சாப்பாட்டை இப்போதாவது நிறுத்திவிட்டீர்களா?

பவளம்


கடிதத்தை மடித்து உறையில் இட்டு, விலாசம் எழுதி முத்திரையும் ஒட்டினாள். தபாற்பெட்டியில் போடவில்லை. திங்கட்கிழமை காலை சென்ட்ரலில் மெல்பேர்ன் போகும் பகல் ரயிலுக்குச் சீட்டு வாங்கி, கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.